சுபைதாவை வேலையை விடச் சொல்லாதே

மகனே, உனக்கும் என் மருமகள் சுபைதாவுக்கும் அல்லாஹ்வின் ஸலாம் உண்டாகட்டும். இங்கே நானும் உன் வாப்பாவும் சுகம். சுகச் செய்தியை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். நேற்று உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன். வாசலில் நின்றால் உள்ளே ஏதோ வேலை கிடப்பதுபோல் இருக்கிறது. உள்ளே போனால் எதற்கு வந்தேன் என்று மறந்துபோகிறது. காலையிலிருந்து இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒரு தாய் மகனுக்கு எழுதுகிற விஷயம் அல்ல இது. என் உம்மா என்னோடுகூட இதைக் கதைத்தது கிடையாது. ஆனால் கேட்டது நீ. கேட்டவனுக்கு அரைகுறையாகச் சொல்லி ஏய்க்க என்னால் முடியாது.

சுபைதாவுக்கு மாதவிடாய் நாட்களில் வலி தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே படிப்பிக்க வேண்டியிருக்கிறது என்றும், ஆசிரியர்கள் கதிரையில் உட்கார்ந்து படிப்பிப்பது அங்குள்ள தலைமையாசிரியருக்குப் பிடிக்காது என்றும், போன மாதம் கரும்பலகைக்கு முன்னால் பிள்ளைகள் பார்க்க அவள் மயங்கி விழுந்துவிட்டாள் என்றும் எழுதியிருக்கிறாய். ஆகவே வேலையை விடச் சொல்லிவிட்டாய். அவள் அழுகிறாளாம், சம்மதிக்கிறாள் இல்லையாம், உம்மா நீங்களும் ஒரு வார்த்தை எழுதிப் புத்தி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். எல்லாம் எழுதி, கையெழுத்தும் போட்ட பிறகு, ஞாபகம் வந்தவன்போல் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறாய். இப்போதெல்லாம் அந்த நாட்கள் முடிந்த பிறகும் வலி விடுகிறதில்லையாம். உனக்கு அது கடைசி வரி. எனக்கு அதற்கு மேலே இருக்கிற ஒன்றும் கண்ணில் படவில்லை. ஏன் என்று சொல்வதற்கு நான் ஆலையில் வேலை செய்த காலத்தைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும்.

நீ மட்டக்களப்பில் விடுதியில் தங்கிப் படித்த வருடங்கள் அவை. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் வாப்பாவின் கரைவலை கரையிலேயே கிடக்கும். அந்த மாதங்களில் வீட்டில் இருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட வேலைக்குப் போவது நல்லது என்று நான் கல்முனையில் ஒரு நெல் ஆலைக்குப் போனேன். வெயில் காலம் வந்த பிறகும் விடவில்லை. நாவிதன்வெளிப் பக்கத்து நெல் லொறி லொறியாக வந்து இறங்கும். அதை ஊறவைத்து, பெரிய கிடாரங்களில் அவித்து, சுற்றுமதிலுக்கு உள்ளே இருந்த சீமெந்துத் தளத்தில், மழை நாளென்றால் மழை விட்ட நேரம் பார்த்து, காயப்போடுவோம். ஆறு பெண்கள். பரப்பிய நெல்லுக்குள் காலை வைத்து, பாதத்தால் உழக்கிக் கிளறிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும், திரும்பி வர வேண்டும். அதுதான் வேலை. வெயில் ஏற ஏற சீமெந்து சுடும். நெல் ஒரே சீராகக் காயாவிட்டால் குத்தும்போது அரிசி உடைந்துவிடும் என்று கணக்கப்பிள்ளை சத்தம் போடுவார். ஆகவே நிற்க முடியாது, இருக்க முடியாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

மற்ற நாட்களில் அந்த வேலை எனக்குப் பாரமாக இருந்ததில்லை. மாதத்தில் தொழாத அந்த நாட்கள் வந்தால்தான் தெரியும். முதல் நாள் விடியும்போதே இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு முறுக்குகிற மாதிரி வலி தொடங்கும். தொடை இரண்டும் கல்லாகிவிடும். குனிந்தால் குமட்டும், நிமிர்ந்தால் கண் இருட்டும். அத்தோடு சீலையில் கறை பட்டுவிடுமோ என்கிற பயம் வேறு. கணக்கப்பிள்ளையும் மூட்டை தூக்குகிற ஆட்களும் போகிற வருகிற இடத்தில் வலியை விட அந்தப் பயம்தான் ஆளைத் தின்னும். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் முந்தானையைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டே நடப்பேன். முதல் சில மாதங்கள் ஒருவருக்கும் காட்டிக்கொள்ளாமல் சமாளித்தேன். பிறகு ஒரு நாள் முடியவில்லை. மதில் ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

பாண்டிருப்பிலிருந்து வருகிற பூரணம் அக்கா என்று ஒருவர் எங்களோடு வேலை செய்தார். என்னை விட நாலைந்து வயது மூப்பு, இரண்டு ஆண் பிள்ளைகளின் தாய். அவர் வந்து என் தோளைப் பிடித்தார்.

"என்னகா, அடிவயிறா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"போய் அடுப்படியில குந்து. உமி தள்ளுறது இருந்துகொண்டு செய்யிற வேலைதானே. உன்ட பக்கத்தையும் சேத்து நான் உழக்குறன்."

கிடாரங்களுக்குக் கீழே உமி எரியும் அடுப்பு இருந்தது. ஒருத்தர் முன்னால் குந்தியிருந்து கையளவு கையளவாக உமியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக அது எவருக்கும் பிடிக்காத வேலை, புகையும் வெக்கையும். ஆனால் அன்றைக்கு அந்தச் சூடு வயிற்றில் படப் பட, முறுக்கிய கயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பூரணம் அக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கொத்தமல்லியும் இஞ்சியும் அந்த நெருப்பிலேயே கொதிக்கவைத்து ஒரு கோப்பை தந்தார். வெறும் வயிற்றோடு இருக்காதே, வாந்தி வந்தாலும் இரண்டு கவளம் சோறு தின்றுவிடு, பாவாடைக் கயிற்றைத் தளர்த்திக் கட்டு, வலி கொஞ்சம் இறங்கியதும் எழும்பி மெல்ல நட என்று வரிசையாகச் சொல்லிவிட்டு வெயிலுக்குள் போய்விட்டார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் என் பக்கத்துக்குத் திரும்பினேன். அந்த நாளை அப்படியே கடந்தேன்.

அதற்குப் பிறகு அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. யாருக்கு முடியாத நாளோ அவளுக்கு அடுப்படி. கேட்கத் தேவையில்லை. முகத்தைப் பார்த்தே ஒருத்தி எழும்பி இடம் விடுவாள். கணக்கப்பிள்ளைக்கு முதலில் விளங்கவில்லை. ஏன் ஒவ்வொரு கிழமையும் அடுப்படியில் ஆள் மாறுகிறது என்று கேட்டார். நிந்தவூரிலிருந்து வந்த ஒருத்தி சற்றும் யோசிக்காமல், ஒரே ஆள் இருந்தால் புகை குடித்துக் கண் கெட்டுப்போகும், அதனால் மாறி மாறி இருக்கிறோம் என்றாள். அவர் மூட்டை எண்ணப் போய்விட்டார். அவரும் மூன்று பெண் பிள்ளைகள் பெற்றவர். விளங்கியும் விளங்காதவர்போல் இருந்தாரோ என்னவோ, அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இதெல்லாம் உன் வாப்பாவுக்குத் தெரியாது. ஒரு நாள் வேலை விட்டு வந்து வாசல் படியிலேயே நான் சரிந்து உட்கார்ந்ததைக் கண்டுவிட்டார். உன்னைப் போலத்தான் அவரும். பதறினார், என்னைத் தூக்கிவிட்டார், அடுத்த பேச்சு, "இனி நீ ஆலைக்குப் போக வேணாம்" என்பதுதான். அதில் அன்பு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நானும் நின்றுவிட்டேன். நாலு மாதம் வீட்டில் இருந்தேன். மகனே, நாலு மாதமும் வலி மாதம் தவறாமல் வந்தது. அதற்கு நான் ஆலையை விட்டது தெரியாது. வீட்டிலும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். கிணற்றடி, அம்மி, அடுப்பு, துணி, முற்றம். ஒரு வித்தியாசம், வீட்டில் என் முகத்தைப் பார்த்து எழும்பி இடம் விட ஒருத்தரும் இல்லை. வாப்பாவோ காரியம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தார். வேலையை விட்டாயிற்று, வலி போயிற்று என்பது அவர் எண்ணம். நாலாம் மாதம் தண்ணீர் வாளியோடு கிணற்றுக்கட்டில் குந்திவிட்டேன். ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வீட்டில நான் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறன் எண்டா நினைச்சீங்க? ஆலையில எனக்கு இருக்க ஒரு இடம் கிடைச்சிச்சு. இஞ்ச அதுவும் இல்ல."

அவர் வாளியை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் நான் ஆலைக்குப் புறப்பட்டபோது தடுக்கவும் இல்லை. அதற்கு அடுத்த மாதம் வலி வந்த நாளில், நான் எழும்புவதற்கு முன்பே குடங்களில் தண்ணீர் நிறைந்திருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு செங்கல்லைச் சுடவைத்து, பழைய சாக்கில் சுற்றி, பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போயிருந்தார். எவர் சொல்லிக் கொடுத்தார்களோ, நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்றுவரை இதைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறந்து கதைத்தது அந்தக் கிணற்றடியில் மட்டும்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு பதற மாட்டேன். இப்போதுகூட எழும்பிப் போய் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். யாரை எதிர்பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான் ஆலைக்குத் திரும்பிப் போனபோது பூரணம் அக்கா அடுப்படியில் இருந்தார். அவருக்கு முடியாத நாள் என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் அவரே இருந்தார். இடையில் சில நாள் எழும்பி வந்து உழக்குவார், பிறகு மறுபடியும் அடுப்படி. மெலிந்திருந்தார், முகம் வெளிறியிருந்தது. எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்தது முணுமுணுப்புத்தான். முறை என்றால் எல்லோருக்கும் முறை, ஒருத்திக்கு மாதம் முழுக்கவா என்று நிந்தவூர்க்காரி அவர் காதுபடவே சொன்னாள். அன்றைக்கு அவளுக்கும் முடியாத நாள், அவளையும் குறை சொல்ல ஏலாது. பூரணம் அக்கா எழும்பி, சீலையை உதறிக் கட்டிக்கொண்டு வெயிலுக்குள் வந்தார்.

"எல்லாருக்கும் உள்ளதுதானேகா. எனக்கு மட்டும் என்ன," என்றார்.

என் பக்கத்து வரிசைதான் அவருடையது. நாலைந்து தடவை போய் வந்திருப்பார். திரும்புகிற இடத்தில் நெல்லின்மேல் அப்படியே முகம் குப்புற விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினோம். அவர் நடந்துவந்த வழியெல்லாம் நெல்லில் இரத்தம். இவ்வளவு நாளும் எத்தனை துணியை மடித்து மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு நடந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. கணக்கப்பிள்ளை நெல் இறக்குவதை நிறுத்தி, லொறியில் சாக்குகளைப் பரப்பச் சொன்னார். நானும் நிந்தவூர்க்காரியும் அவரோடு ஏறினோம். மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி வந்து சேரும்வரை அந்தப் பெண் பூரணம் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறியபடியே வந்தாள்.

அங்கே ஒரு பெண் டொக்டர் பார்த்தார். கர்ப்பப்பையில் கட்டி. அது வளர்ந்து வெகு நாளாகிவிட்டது, இரத்தமும் மிகவும் குறைந்துவிட்டது, கர்ப்பப்பையை எடுத்தால்தான் ஆளைக் காப்பாற்றலாம் என்றார். பூரணம் அக்காவின் புருஷன் வந்து கைநாட்டு வைத்துக் கொடுத்தார். மூன்றாவதாக ஒரு பெண் பிள்ளை வேண்டும் என்று அவர்கள் இருவரும் ஆசைப்பட்டிருந்தது எங்களுக்குத் தெரியும். எத்தனை மாதமாக இப்படி என்று டொக்டர் எங்களைப் பார்த்துக் கேட்டார். எல்லாருக்கும் வருகிற வலி என்றுதான் நினைத்தோம் என்றேன் நான். டொக்டர் கோபப்படவில்லை. களைத்துப்போனவர்போல் எங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் அதைச் சொல்லித்தான் பிந்தி வாறீங்க," என்றார்.

பிறகு எங்களை வாங்குப் பலகையில் இருத்திவைத்து விளக்கிச் சொன்னார். முதல் நாள் இரண்டாம் நாள் வந்து, பிறகு தானாக விடுகிற வலி பெரும்பாலும் அஞ்சத் தேவையில்லாதது. அதற்குச் சூடு வைக்கலாம், சூடாகக் குடிக்கலாம், மெல்ல நடக்கலாம், ஆஸ்பத்திரியில் கேட்டுக் குளிசை வாங்கி வலி முற்றுவதற்கு முன்பே போடலாம். ஆனால் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிற வலி, நாட்கள் முடிந்தும் விடாத வலி, துணி நனைந்து நனைந்து போகிற இரத்தம், மயக்கம், இவற்றில் ஒன்று கண்டாலும் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே வந்து காட்ட வேண்டும் என்றார். கட்டியாக இருக்க வேண்டும் என்று இல்லையாம், லேசில் மாற்றக்கூடிய வேறு ஏதாகவும் இருக்கலாமாம். ஆனால் பார்க்காமல் ஒருவருக்கும் தெரியாது.

பூரணம் அக்கா பிழைத்துக்கொண்டார். நீ பயப்பட வேண்டாம். ஆறேழு மாதம் கழித்து வேலைக்கும் வந்தார். வந்த முதல் நாள் நிந்தவூர்க்காரி அவரைத் தளத்தில் கால் வைக்க விடவில்லை. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார், போன கிழமை கூடக் கல்முனைச் சந்தையில் கண்டேன். ஆனால் இரண்டாம் மாதமே காட்டியிருந்தால் அந்தப் பெண் பிள்ளை கிடைத்திருக்குமோ என்று அவர் ஒரு தடவை என்னிடம் கேட்டார்.

இப்போது உன் கடிதத்தின் கடைசி வரி என்னை ஏன் இப்படி ஆட்டுகிறது என்று உனக்கு விளங்கும். மயக்கம் என்றும் எழுதியிருக்கிறாய், நாட்கள் முடிந்தும் வலி என்றும் எழுதியிருக்கிறாய். சுபைதாவுக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது, இன்ஷா அல்லாஹ். ஆனால் "இருக்காது" என்று நீயும் நானும் சொல்லக் கூடாது, பார்த்தவர் சொல்ல வேண்டும். நீ வேலையை விடச் சொல்கிறாய். விட்டால் அவள் கரும்பலகைக்கு முன்னால் விழ மாட்டாள். அது சரி. உன் வீட்டுக் குசினியில் விழுவாள், ஒருவரும் பார்க்காமல். பிறகு உன் வாப்பாவைப் போல நீயும் காரியம் முடிந்தது என்று இருப்பாய். படித்து, சோதனை எழுதி, ஊரே வாய்க்கு வந்ததைச் சொன்னபோதும் பின்வாங்காமல் அவள் பெற்ற வேலை அது. வலிக்கு மருந்தாக அதையா கேட்பது?

ஆஸ்பத்திரியில் காட்டிய பிறகு, இது சாதாரண வலிதான் என்று சொன்னார்களானால், அப்போது செய்ய வேண்டியது வேறு. முதல் நாளில் எழுத்துப் பாடத்தை வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் கொப்பியோடு அவளிடம் வரட்டும், அவள் பிள்ளைகளிடம் நடக்க வேண்டியதில்லை. நின்றே ஆக வேண்டுமென்றால் ஒரு காலைச் சிறு பலகையில் தூக்கி வைத்து, மாற்றி மாற்றி நிற்கட்டும், இடுப்புக்கு ஆறுதலாக இருக்கும். கடுநிறச் சேலை உடுத்தட்டும், பாதிப் பயம் அதில் போய்விடும். போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றிக் கொண்டுபோகட்டும். அங்கே வேறு பெண் ஆசிரியர்களும் இருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. வகுப்பை மாற்றிக்கொள்ள அவர்களுக்குள் ஒரு வழி பிறக்கும், அதில் நீ தலையிட வேண்டாம். தலைமையாசிரியரிடம் ஒரு கதிரைக்கு எவர் பேசுவது என்றால், அதை அவளிடம் கேட்டு, அவள் சொன்னால் மட்டும் நீ பேசு. வீட்டில் தண்ணீர் அள்ளுவதும் அடுப்பு மூட்டுவதும் உன் கைக்கு ஒன்றும் செய்துவிடாது. எவ்வளவு துணி நனைகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது என்று அவள் கவனித்து வைத்திருக்கட்டும், டொக்டர் கேட்பார். அதை உன்னிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தால் வற்புறுத்தாதே. நான் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் எழுதி, தபாலில் போடலாம் என்று மடித்துக்கொண்டிருந்தபோது வாப்பா கரையிலிருந்து வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் என்னவென்று கேட்டார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றடி முதல் தடவை, இது இரண்டாவது. அவர் கொஞ்ச நேரம் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"காயிதம் அம்பாறைக்குப் போய்ச் சேர ரெண்டு மூணு நாள் ஆகும். பகல் பஸ்ஸில நீ போனா பின்னேரம் அங்க நிப்பாய்," என்றார். "நாளைக்கு மருமகப் புள்ளைய மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போ. நானும் அங்க வந்து நிக்கிறன்."

ஆகவே நான் வருகிறேன், மகனே. அப்படியென்றால் இந்தக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதில் ஒரு சொல்லைக்கூட என்னால் சொல்ல முடியாது. சொல்லாமலும் இருக்க முடியாது. நீ வாசலுக்கு வந்து கதவைத் திறந்ததும் இதை உன் கையில் தந்துவிட்டு நான் நேரே சுபைதாவிடம் போவேன். நீ வெளியே எங்கேயாவது இருந்து முழுவதையும் வாசி. அவசரப்படாதே. வாசித்து முடித்த பிறகு உள்ளே வா. வந்ததும் என்னோடு கதைக்காதே. அவள் பக்கத்தில் இருந்து, எங்கே வலிக்கிறது என்று அவளிடம் கேள்.

உன் உம்மா